வாஷரும் பன்னிரண்டாவது நாற்காலியும்

மேட்டுத் தெருக்கள் ஐந்திலும் அவரை வாஷர் என்றால்தான் தெரியும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டைக்குள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறது. சட்டைப் பையில் காசு இருக்கிறதோ இல்லையோ, நாலு ரப்பர் வாஷர் கட்டாயம் இருக்கும். கல்யாணத்தன்று மோதிரம் எடுக்கப் பைக்குள் கைவிட்டவர், அவசரத்தில் அரை அங்குல வாஷரை எடுத்து மணப்பெண்ணின் விரலில் மாட்டப் போனார் என்பது அவருடைய அக்கா சலிக்காமல் சொல்லும் கதை. "அளவு என்னமோ சரியாத்தான் இருந்தது" என்று மனைவியும் இன்றுவரை அதற்கு ஒத்து ஊதுவார்.

குழாய் வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. சுவரில் காதை வைத்தால் போதும், உள்ளே குழாய் எங்கே வளைகிறது, எங்கே கசிகிறது என்று சொல்லிவிடுவார். ஒருமுறை மூன்று வீடு தள்ளிச் சொட்டும் சத்தத்தை இங்கிருந்தே கேட்டுக் கருவிப் பையோடு ஓடினாராம். போய்ப் பார்த்தால் குழாய் நன்றாக இருந்தது. அந்த வீட்டு அம்மாதான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாராம். நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. வாஷர் அன்றைக்கும் சும்மா திரும்பவில்லை, அந்த அம்மாவின் கணவரைக் கூப்பிட்டு ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுத்தான் வந்தார்.

மேட்டின் உச்சியில் பாறைக்கு அடியில் ஓர் ஊற்று இருக்கிறது. அதைச் சுற்றிக் கல்லால் கட்டிய தொட்டி. தொட்டியிலிருந்து ஏழு குழாய்கள் இறங்கும்: தெருவுக்கு ஒன்றாக ஐந்து, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, போகிறவர் வருகிறவர் வாய் வைத்துக் குடிக்க ஒன்று. மிச்சத் தண்ணீர் ஓடையாகி, கீழே நகரத்து ஏரியில் போய்ச் சேரும். ஏழு குழாயையும் கட்டிக் காப்பது வாஷர்தான். யாரும் அவரை நியமிக்கவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அவருடைய வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் அவர் தலைவராக இருந்தார். அது பதினோரு வருஷத்துக்கு முன்னால். நீர்ப்பிடிப்புப் பகுதிப் பாதுகாப்பு வாரியம் என்று நகரத்தில் ஒன்று புதிதாக முளைத்து, வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் மாட்டச் சொல்லி ஒரு லாரி நிறைய அனுப்பிவைத்தது. வாஷர் அந்த லாரியின் பானெட்டில் ஏறி நின்றார். வெயிலில் காய்ந்த தகரம் காலைச் சுட்டது. அவர் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்று பேசினார், அதைப் பார்த்த ஜனங்கள் உணர்ச்சிவசப்பட்டு ஆடுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"இன்னைக்குத் தண்ணிக்கு மீட்டரு! நாளைக்கு மூச்சுக்கு மீட்டரு! நாளான்னிக்குத் தும்மினாலும் பில்லு வரும்!"

கைதட்டலில் பாறையே அதிர்ந்ததாம். லாரி வந்த வழியே திரும்பியது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, தபால் நிலையம் என்று தப்ப வழியில்லாத ஒன்பது கட்டடங்கள் மட்டும் மீட்டர் மாட்டிக்கொண்டன. மற்ற வீடுகளில் பழையபடி தெருக் குழாயிலிருந்து ஒரு ரப்பர் ட்யூப், அது நேரே வாளிக்குள். அவ்வளவுதான் ஏற்பாடு.

அந்த வெற்றியை மென்று தின்றே பதினோரு வருஷம் ஓட்டிவிட்டார் வாஷர். இந்த வருஷம் மழைக்கு முந்தைய மாதத்தில், பஸ் நிறுத்தத்துச் சுவரில் வாரியத்தின் அறிவிப்பு ஒன்று ஒட்டியிருந்தது. ஊற்றைப் பாதுகாக்கப் போகிறார்களாம். சுற்றிலும் ஆளுயரக் கம்பி வேலி, வேலிக்குப் பூட்டு, ஏழு குழாயும் அகற்றப்படும். மேட்டு மக்களுக்கு நகரத்துத் தொட்டியிலிருந்து மோட்டார் வைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு மணி நேரம் தண்ணீர் ஏற்றப்படும்.

வாஷர் அதை மூன்று முறை படித்தார். தன் வாசலில் பிறந்த தண்ணீர், நாலு கிலோமீட்டர் கீழே இறங்கிப் போய், ஊர் பார்த்துவிட்டு, மோட்டார் ஏறி மறுபடியும் தன் வாசலுக்கே விருந்தாளியாக வருமாம். அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். அவருக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை.

"இதுக்கு நம்ம ஆளு யாரு அங்க பேசறது?" என்று கேட்டார் மனைவி.

நல்ல கேள்வி. வாரியத்தில் பதினோரு பேர். பதினோரு பேரும் கீழே நகரத்தில் குடியிருப்பவர்கள். மேட்டுக்கும் சேர்த்துப் பிரதிநிதி என்று பட்டியலில் போட்டிருந்தது ஒரு பல் டாக்டரை. அவர் மேட்டுக்கு வந்ததே ஒருமுறைதான். அதுவும் வழி தவறி.

வாஷர் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்ப் பல் டாக்டரின் வாசலில் நின்றார்.

"வாங்க வாங்க. எந்தப் பக்கம் வலிக்குது?"

"பல்லு இல்லீங்க டாக்டர். ஊத்து விஷயமா உங்ககிட்ட…"

"அதுக்கென்ன, உக்காருங்க. பேசிக்கிட்டே பாத்துடுவோம்."

அந்த நாற்காலியில் உட்கார்ந்ததுதான் வாஷர் செய்த பிழை. சாய்த்தார்கள், விளக்கைப் போட்டார்கள், கன்னத்துக்குள் இரண்டு பக்கமும் பஞ்சை அடைத்தார்கள். அதற்குப் பிறகு டாக்டர் நிதானமாகக் கேட்டார்.

"வேலி போட்டா உங்க ஆளுங்களுக்கு ஏதாவது சிரமம் இருக்கா?"

"ஆ… ங்கா… ஆ!"

"அப்படியா. ரொம்ப நல்லது. ஊத்த நம்மதான பாதுகாக்கணும்?"

"ங்ங்கா… ஆஆ!"

"கரெக்ட்டா சொன்னீங்க. கொஞ்சம் அசையாம இருங்க, இந்தப் பல்லு ஆடுது."

இருபத்தெட்டுப் பல்லோடு போன மனிதர் இருபத்தேழோடு திரும்பி வந்தார். பத்து நாள் கழித்து வாரியத்துக் கூட்டக் குறிப்பு பஸ் நிறுத்தத்தில் ஒட்டப்பட்டது. அதில் நாலாவது வரி: மேட்டுப் பகுதி மக்களின் கருத்து நேரில் கேட்டறியப்பட்டது, எதிர்ப்பு ஏதும் தெரிவிக்கப்படவில்லை.

அன்று வாஷர் சாப்பிடவில்லை. பல் போன இடத்தில் நாக்கை விட்டுத் துழாவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் வாரிய அலுவலகத்துக்கே போனார். நீளமான வராந்தா, கால் ஆடும் பெஞ்சு, கம்பி போட்ட ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எழுத்தர் அம்மா. முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. ரப்பர் முத்திரை மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"ஏம்மா, எங்களுக்குன்னு ஒரு ஆளு கிடையாதா? பல் டாக்டர எங்க தலையில கட்டினது யாரு?"

அந்த அம்மா ஒரு பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "நூறு ஓடும் இணைப்பு இருந்தா அந்தப் பகுதிக்குத் தனி உறுப்பினர். நூறுக்குக் கீழ இருந்தா பக்கத்துப் பகுதியோட சேத்துடுவோம். உங்க பகுதியில மீட்டர் எத்தனை? ஒன்பது."

"முந்நூத்தி எண்பது வீடு இருக்கும்மா!"

"வீட்ட எண்றது வேற இலாகாங்க."

"முந்நூத்தி எண்பது வீட்லயும் ஆளுங்க இருக்காங்க. தண்ணி குடிக்கிறாங்க!"

"எங்க பதிவேட்டுல மேட்டுல ஒன்பது பேருதான் தண்ணி குடிக்கிறாங்க" என்றார் அவர், நாளைக் கேட்டால் கிழமை சொல்வதுபோல.

வாஷருக்குக் கன்னத்தில் அறை வாங்கியதுபோல் இருந்தது. அறைந்தது வேறு யாருமில்லை, பதினோரு வருஷத்துக்கு முன்னால் லாரி மேல் ஒற்றைக் காலில் நின்ற அதே வாஷர். மீட்டரைத் துரத்தியபோது, கூடவே தன் ஊரின் நாற்காலியையும் துரத்திவிட்டிருக்கிறார். பன்னிரண்டாவது நாற்காலி ஒன்று போட வாரியத்துச் சட்டத்திலேயே இடம் இருந்திருக்கிறது, கேட்க ஆளில்லாமல்.

"அடுத்த எண்ணிக்கை எப்பங்க?"

"இன்னும் நாப்பது நாள்ல. அதுக்கப்புறம் மூணு வருஷம் கழிச்சு. வேலிக்கான ஓட்டெடுப்பு எண்ணிக்கை முடிஞ்ச கையோட."

மீட்டர்கள் வாரியத்துக் கிடங்கில் சும்மாதான் கிடந்தன. யார் கேட்டாலும் கொடுப்பார்கள். மாட்டிக்கொள்ள மனசு வரவேண்டியதுதான் பாக்கி. வாஷர் உள்ளங்கையில் "100" என்று பேனாவால் எழுதிக்கொண்டு பஸ் ஏறினார். நூறுக்கு அடுத்து ஒரு சொல் இருந்தது. அதை எழுதிக்கொள்ளவில்லை.

அந்த நாற்பது நாளும் மேட்டில் அவர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. முதல் தெருவில் தச்சர் வாசலிலேயே மடக்கினார்.

"வாங்கண்ணே! மூச்சுக்கு எப்ப மாட்டப் போறீங்க? முன்னாடியே சொன்னீங்கன்னா மூக்க நல்லாத் தொடச்சு வச்சிருப்பேன்."

"டேய், அது அன்னைக்கு. இது நமக்கு ஒரு நாற்காலி கிடைக்கிற விஷயம்டா."

"நாற்காலி வேணும்னா எங்கிட்ட சொல்லுங்கண்ணே, ரெண்டே நாள்ல செஞ்சு தரேன். எதுக்கு மீட்டரெல்லாம்?"

இரண்டாவது தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். வாஷரின் லாரிப் பேச்சை அன்றைக்கே நோட்டில் எழுதி வைத்திருந்தவர். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினார். கடைசியில், "இதில் எந்த வரி பொய் என்று நீங்களே கோடிட்டுக் காட்டினால் நான் மாட்டிக்கொள்கிறேன்" என்று பென்சிலை நீட்டினார். வாஷர் தும்மலில் கோடு போட்டார், மூச்சில் கோடு போட்டார். ஆசிரியர் ஓரத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

சில வீடுகளில் கதவே திறக்கவில்லை. சில வீடுகளில் உட்காரவைத்து, டீ கொடுத்து, ஊர்க்கதை முழுவதும் பேசி, கடைசியில் "யோசிச்சுச் சொல்றோம்" என்றார்கள். அவர் கெஞ்சினார், சண்டை போட்டார், கசியும் குழாயைச் சும்மா சரிசெய்து கொடுத்து நன்றிக்கடனில் மாட்டிவைத்தார். நாளொன்றுக்கு இரண்டு, மூன்று மீட்டர் ஏறியது. தன் வீட்டில்தான் முதல் மீட்டரை மாட்டியிருந்தார், எல்லோரும் வந்து பார்க்க வசதியாக வாசல் பக்கச் சுவரில். மனைவி அதைத் தினமும் துணியால் துடைத்து வைத்தார்.

கடைசி வரை மசியாதது அக்காதான். அக்காவுக்கு ஐந்தாம் தெருவில் நாற்றுப் பண்ணை. தட்டுத் தட்டாகப் பூச்செடி, காய்ச்செடி நாற்றுகள். தம்பியைவிட ஒன்பது வயது மூத்தவர், ஒன்பது மடங்கு குரல். அவருக்கு வேலி வேண்டாம் என்ற எண்ணமே கிடையாது. ஊற்றுத் தொட்டிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திக் கழுவுகிறவர்களை விரட்டுவதையே பொழுதுபோக்காக வைத்திருந்தார்.

"அக்கா, நீயே மாட்டலன்னா ஊர்ல எவன் மாட்டுவான்?"

"மீட்டர் வேணாம்னு கத்தினதும் நீ. வேணும்னு கத்தறதும் நீ. நடுவுல நான் என்ன திருகாணியா, நீ திருப்பற பக்கமெல்லாம் திரும்ப?"

"தப்புத்தான்க்கா."

"இன்னொரு தடவ சொல்லு."

"தப்பு."

"சத்தமா. பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் காது மந்தம்."

தெருவே கேட்க மூன்று முறை சொல்லவைத்துவிட்டு, முப்பத்தெட்டாவது நாள் ஒப்புக்கொண்டார் அக்கா. அப்போதுதான் பையில் கைவிட்ட வாஷருக்கு முகம் தொங்கியது. மீட்டரைக் குழாயோடு சேர்க்க இரண்டு பக்கமும் யூனியன் என்கிற இணைப்புத் திருகு வேண்டும். வாரியத்து மீட்டரின் மரை தனி அளவு, கடையில் கிடைக்காது. கிடங்கில் போனமுறையே தீர்ந்துபோயிருந்தது. கையில் இருந்ததோ ஒன்று.

"நாளைக்கு வரேன்க்கா."

"நாளைக்கு எனக்கு மனசு மாறிடும். உனக்குத்தான் தெரியுமே."

தெரியும். வாஷர் வீட்டுக்கு ஓடினார். தன் வீட்டு மீட்டரிலிருந்து ஒரு பக்கத்து யூனியனைக் கழற்றிக் கொண்டுவந்து அக்கா வீட்டில் பூட்டினார். கிடங்குக்குச் சரக்கு வந்ததும் மாட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார். மனைவி வழக்கம்போல ரப்பர் ட்யூபையே வாளியில் போட்டுக்கொண்டார். அக்கா வீட்டோடு சேர்த்து நூற்றியாறு. ஏற்கெனவே இருந்த ஒன்பது அது போக. அன்று வாஷர் பல் போன பக்கமாகவே வாய்விட்டுச் சிரித்தார்.

எண்ணிக்கை நாள். மீட்டர்களைக் கணக்கெடுக்கும் வாரியத்து ரீடிங்காரர் காலை பஸ்ஸில் வந்தார். ஒல்லியான மனிதர், கக்கத்தில் நீளப் புத்தகம், காதில் பேனா. வாஷர் கூடவே நடந்தார். முதல் வீட்டு மீட்டரைக் குனிந்து பார்த்தார் ரீடிங்காரர். எழுதவில்லை. அடுத்த வீடு. எழுதவில்லை.

"ஏங்க எழுத மாட்டேங்கறீங்க?"

"எல்லாம் முட்டை முட்டையா நிக்குதுங்களே. ஓடின மீட்டரத்தான் எழுதுவேன். ஓடும் இணைப்புன்னுதான சட்டம்?"

உள்ளங்கையில் எழுதாமல் விட்ட சொல் அதுதான். வாஷர் தச்சரின் வீட்டுக்குள் பாய்ந்தார்.

"ஏன்டா இது ஓடவே இல்ல?"

"ஓடினா தேயாதாண்ணே? புது சாமான். பத்திரமா வச்சிருக்கேன்."

வீடு வீடாகப் பார்த்தால் இதே கதை. மேட்டு ஜனங்கள் மீட்டரை மாட்டிக்கொண்டார்கள், வாஷரின் முகத்துக்காக. தண்ணீரை மட்டும் பழைய ரப்பர் ட்யூபிலேயே பிடித்தார்கள், பில்லுக்குப் பயந்து. ஒரு வீட்டில் மீட்டருக்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். ஒரு வீட்டில் அதில் சாவிக்கொத்து தொங்கியது. ஒரு வீட்டில், "விருந்தாளிங்க வந்தா மட்டும் தொறப்போம்" என்றார்கள். ஆசிரியர் வீட்டு மீட்டரின் மேல் ஒட்டியிருந்த கண்ணாடித்தாளைக்கூட உரிக்கவில்லை.

மதியத்துக்குள் புத்தகத்தில் ஏறியது முப்பத்தொன்று.

வாஷர் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. மூச்சுக்கு மீட்டர் இருந்திருந்தால் அன்றைக்கு நல்ல ரீடிங் வந்திருக்கும்.

ரீடிங்காரருக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "எனக்கு நாலரைக்குத்தான் பஸ்சு. சாப்பிட்டுட்டு இன்னொரு சுத்து வரேன். அப்ப ஓடியிருந்தா எழுதிக்கறேன். அதுக்கு மேல எங்கிட்ட கேக்காதீங்க."

அவ்வளவுதான், எழுந்தார் வாஷர். ஐந்து தெருவிலும் ஓடி ஓடிக் கத்தினார். "மீட்டர் பக்கம் தொறங்க! ட்யூப மூடுங்க! தேஞ்சா நான் புதுசு மாத்தித் தரேன், தொறங்கடா!" அவர் தொண்டை கட்டிப்போனதைப் பார்த்துப் பயந்தோ என்னவோ, எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்தார்கள். நூறு குழாய் ஒன்றாகத் திறந்தால் ஊற்று என்ன செய்யும்? தொட்டி மட்டம் கடகடவென்று இறங்கியது. குழாய்களில் நூல் மாதிரித் தண்ணீர். நூல் தண்ணீருக்கு மீட்டர் முள் அசையாது.

"காத்துதான் வருது!"

"எங்க தெருவுக்குச் சுத்தமா இல்ல!"

"மூணாந்தெருக்காரன் தொட்டியே ரொப்பறான்!"

வாஷர் உச்சிக்கு ஏறினார். நாலு தெருவின் வால்வை இறுக்கி ஒரு தெருவுக்கு மட்டும் விட்டார். பத்து நிமிஷம். அப்புறம் அடுத்த தெரு. முள் ஒரு சுற்றுச் சுற்றியதும் கீழேயிருந்து கையைக் காட்டுவார்கள். அவர் வால்வை மாற்றுவார். நடுநடுவே சண்டை: எங்களுக்கு எட்டு நிமிஷம்தான் விட்டே, அவங்களுக்கு மட்டும் பன்னிரண்டா? "உங்களுக்கு இறக்கம், சீக்கிரம் வரும்! அவங்களுக்கு ஏத்தம்!" என்று பாறை மேலிருந்தே நியாயம் சொன்னார். வாரியத்தில் உட்கார்ந்தால் என்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் அந்த மூன்று மணி நேரமும் சட்டை நனைய நனையச் செய்துகொண்டிருந்தார். பார்க்கத்தான் ஆளில்லை.

நாலே காலுக்கு எண்ணிக்கை நூற்றிநாலு.

தச்சர் அவரைத் தோளில் தூக்கிவிட்டார். "நம்ம உறுப்பினர் வாஷரண்ணே!" என்று கூச்சல். ரீடிங்காரர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். "உறுப்பினர் பேரையும் இன்னைக்கே எழுதணும். அவர் பேர்ல ஓடும் இணைப்பு இருக்கணும். உங்க வீடு எது?"

எல்லோரும் வாஷர் வீட்டு வாசலுக்குத் திரண்டு போனார்கள். பளபளவென்று துடைத்த மீட்டர் சுவரில் ஒற்றைக் காதில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஆறு முட்டை.

வாஷர் வாயைத் திறந்தார். பல் டாக்டரின் நாற்காலியில் வந்த அதே சத்தம்தான் வந்தது.

"அதோட யூனியன் எங்க வீட்லல்ல இருக்கு" என்றார் அக்கா, கூட்டத்தின் பின்னாலிருந்து.

"உங்க மீட்டர் ஓடுதாம்மா?"

"ஜம்முனு ஓடுது. நம்பிக்கையில்லாம முதல் நாளே பத்து வாளி பிடிச்சுச் சரிபாத்தேன். அதுலருந்து அதுலயேதான் பிடிக்கறேன். பொய் சொல்லல, நல்ல மீட்டரு."

ரீடிங்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். வேறு யாராவது வருகிறீர்களா என்று கேட்டார். மாதத்துக்கு ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு நகரத்துக்குப் போவதா என்று எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தச்சர்கூட வாஷரை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார்.

"எழுதிக்கோங்க. எனக்கு என்ன கொறச்சல்?" என்றார் அக்கா.

வேலிக்கான ஓட்டெடுப்பு அதற்கு அடுத்த வாரம். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் வாஷர் பாடம் நடத்தினார். வேலி வேணாம்னு சொல்லு. குழாயை எடுக்கக் கூடாதுன்னு சொல்லு. பல் டாக்டர் பேச்சைக் கேக்காதே. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "உன் பல்லு போன சந்து வழியா காத்து வருது, குளுருது, வாய மூடு" என்றார்.

வாரியத்துக் கூட்ட அறைக்குள் பன்னிரண்டாவது நாற்காலி போட்டிருந்தார்கள். மற்றவை சுழல் நாற்காலி. இது மட்டும் வராந்தாவிலிருந்து தூக்கிப்போட்ட மரநாற்காலி. அக்கா அதில் போய் உட்கார்ந்தார். வாஷரைக் காவல்காரர் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"உறுப்பினருக்கு மட்டும்தான்."

"நான் உறுப்பினரோட தம்பிங்க."

"தம்பிங்களுக்குப் பெஞ்சு அங்க இருக்கு."

கால் ஆடும் அதே பெஞ்சு. கதவு கனமான கதவு. மற்றவர்கள் குரல் முணுமுணுப்பாகத்தான் வந்தது. அக்கா குரலுக்குக் கதவெல்லாம் பொருட்டே இல்லை. சுவருக்குள் குழாய் சத்தம் கேட்கும் காது வாஷருடையது. ஒரு சொல் தப்பவில்லை.

"வேலி போடுங்க. கட்டாயம் போடணும்."

வாஷர் துள்ளி எழுந்தார். பெஞ்சு கவிழ்ந்தது. காவல்காரர் தோளைப் பிடித்து அழுத்தினார். பதினோரு வருஷம், ஒரு பல், நாற்பது நாள், நூற்றியாறு வீடு, தெரு கேட்க மூன்று தப்பு, எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் கழிவுநீர்க் குழாயில் இறங்கிப்போனது. அப்புறம் உள்ளே என்ன பேசினார்கள் என்பது அவர் காதில் ஏறவில்லை. தலைக்குள் மோட்டார் ஓடியது.

அரை மணி கழித்து அக்கா வெளியே வந்தார். கையில் கூட்டத்தில் கொடுத்த பிஸ்கட் பொட்டலம்.

"என்னக்கா பண்ணிட்டு வந்த? சொல்லு, என்ன பண்ணிட்டு வந்த?"

"கத்தாத. ஆபீசு." அக்கா பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை நீட்டினார். அவர் வாங்கவில்லை. "வேலி வரும். வண்டி கழுவறவன் எவனும் இனிமே கிட்ட வர முடியாது. ஏழு குழாயும் இருக்கும். வாய மட்டும் வேலிக்கு வெளிய நீட்டி விடணும். பூட்டுச் சாவி மேட்டுல. மோட்டார் கிடையாது. எட்டுப் பேரு சரின்னு கை தூக்கினாங்க, நாலு பேரு தூக்கல."

"பல் டாக்டரு?"

"மேட்டு ஜனங்க எதிர்க்கலன்னு ஆரம்பிச்சாரு. வாயில பஞ்ச வச்சுக்கிட்டு நீங்க ஒருவாட்டி பேசிக் காட்டுங்க டாக்டர், அப்புறம் நான் பதில் சொல்றேன்னேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அவரும் கை தூக்கிட்டாரு."

வாஷர் கவிழ்ந்த பெஞ்சை நிமிர்த்தி அதில் உட்கார்ந்தார். குழாய் பிழைத்துவிட்டது. மகிழ்ச்சிப்பட வேண்டும் என்று அவருக்கே தெரிந்தது. ஆனால் நெஞ்சில் என்னவோ மரை சேராமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த மரநாற்காலியை ஒருதரம் தொட்டுப் பார்க்கக்கூட விடவில்லையே.

"குழாய் நீட்டற வேலைக்கு உன் பேரத்தான் எழுதிக் குடுத்திருக்கேன்" என்றார் அக்கா. "திங்கக்கிழமை ஆரம்பிச்சுடு."

"நான் வர மாட்டேன். வேற ஆளப் பாரு."

"வேற ஆளுக்கு எந்தக் குழாய் எங்க வளையுதுன்னு என்னடா தெரியும்?"

பஸ் வந்தது. பாதி மேடு ஏறியாயிற்று. பிறகு வாஷர் மெதுவாக ஆரம்பித்தார்.

"அக்கா. அந்த யூனியன். ஒரு பக்கம். அதத் திருப்பிக் குடு. அடுத்த எண்ணிக்கைக்காவது என் வீட்டு மீட்டரு ஓடட்டும்."

"கிடங்குல இல்லியா?"

"அடுத்த வருஷம்தான் வருமாம். கேட்டுட்டேன்."

அக்கா கடைசி பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். யோசிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார் என்றும் சொல்லலாம்.

"கழட்டினா என் மீட்டர் நின்னுடும். மீட்டர் நின்னா என் நாற்காலி போயிடும். நாற்காலி போனா மறுபடியும் பல் டாக்டரு. நீயே சொல்லு, ஊருக்கு எது நல்லது?"

வாஷர் சட்டைப் பைக்குள் கைவிட்டார். நாலு வாஷர் இருந்தது. யூனியன் இல்லை. இறங்க வேண்டிய இடம் வந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. அக்காதான் சட்டையைப் பிடித்து இழுத்து இறக்கினார்.